பயந்த நாயின் நிதானமான நாடி

நாயின் இதயத்தைச் சோதித்து, இதை இனவிருத்திக்கு விடலாம் என்று கையெழுத்துப் போடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வந்ததும் வராததுமாக உங்களைப் பயமுறுத்துவது முறையில்லைதான். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேஜைக்கு வருகிற நாய் பொய் சொல்லாது. அதைப் பிடித்துக்கொண்டு வருகிறவரைப் பற்றி என்னால் அப்படி உத்தரவாதம் கொடுக்க முடியாது.

அரசு வேலையில் இருந்தவரை எனக்கு இந்தப் புத்தி கிடையாது. கடையத்திலும் வடகரையிலும் மாடுகளோடு காலம் போயிற்று. மாட்டுக்காரர்கள் சந்தையில் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள், ஆனால் டாக்டரிடம் உள்ளதைத்தான் சொல்வார்கள். ஓய்வு பெற்று, தென்காசியில் ஒரு ஸ்கேன் கருவியோடு சின்னதாகக் கிளினிக் போட்ட பிறகுதான் ஜாதி நாய்களின் உலகம் எனக்குத் தெரிய வந்தது. குற்றாலத்தைச் சுற்றி ரிசார்ட்டுகளும் பண்ணை வீடுகளும் முளைக்க முளைக்க, காவலுக்கு டாபர்மேன்களும் பெருகின. அவற்றோடு வளர்ப்பாளர்களும் பெருகினார்கள், சான்றிதழ் கேட்கிறவர்களும் பெருகினார்கள்.

டாபர்மேனின் இதயத்தைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். தசை மெலிந்து, அறை பெருத்து, துடிப்பு இடையிடையே தடம் புரளும். வெளியே ஒன்றும் தெரியாது. கறி தின்னும், வேலி தாண்டும், ஆளைப் பார்த்தால் குரைத்துத் தள்ளும். ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து செத்துப்போகும். அதற்குள் அது நாலு ஈற்றுக் குட்டிகளுக்குத் தகப்பனாகி, தன் நோயையும் சொத்துப் பிரிப்பதுபோல் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கும். அதனால்தான் சேர்க்கைக்கு முன்னால் சோதனை செய்கிறோம்.

சோதனை என்று வந்தவுடன் தில்லுமுல்லும் வந்துவிட்டது. ஒருவர் நோயுள்ள நாயை வீட்டில் வைத்துவிட்டு அதே நிறத்தில் அதன் தம்பியைக் கொண்டுவந்தார். தோலுக்கடியில் இருக்கும் சிப்பைப் படித்ததும் மாட்டிக்கொண்டார். இன்னொருவர் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியை என்னிடம் மாட்டி வாங்கிக்கொண்டு போய், வீட்டில் வேறு நாய்க்கு மாட்டிவிட்டார். அதையும் கண்டுபிடித்தேன். இதெல்லாம் சேர்ந்து என்னைக் கெடுத்துவிட்டது. பால்காரர் சிரித்தால்கூட இன்றைக்குத் தண்ணீர் கூடுதலோ என்று பார்க்கிற ஆளாகிவிட்டேன். என் வீட்டுக்காரர் என்னைப் போலீஸ்காரி என்றுதான் கூப்பிடுவார்.

இந்த நிலையில்தான் இசக்கிராஜ் தன் டாபர்மேனோடு வந்தான்.

இசக்கிராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தருவிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் மேற்பார்வை வேலை பார்த்தவன். அங்கே காவல் நாய்களைப் பழக்கி, அந்த ஆசையிலேயே வேலையை விட்டு, தன் தென்னந்தோப்பில் நாய் வளர்க்க ஆரம்பித்தவன். அவனுடைய ஆண் நாயின் பெயர் துரை. வம்சாவளித் தாளில் நாலு ஊர்ப் பெயர் சேர்ந்த நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. தோப்பில் அவன் துரைதான். துரையை நம்பித்தான் இசக்கிராஜின் முழுப் பிழைப்பும், அவன் சின்ன மகளின் எதிர்காலமும் இருந்தன. துரையின் இதயம் சுத்தம் என்று ஒரு சான்றிதழ் கையில் இருந்தால் செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்திலிருந்து ஆட்கள் தேடி வருவார்கள். இல்லையென்றால் மறுபடியும் ரிசார்ட் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

அப்படிக் கேரளத்திலிருந்து முதல் ஆளாகப் புனலூர் லீலா டீச்சர் வந்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மாளு என்ற தன் பெண் நாயைக் காரில் ஏசி போட்டு உட்கார வைத்துவிட்டு, இசக்கிராஜுக்கு முன்னாலேயே என் அறைக்குள் வந்தார். இதற்கு முன் அவர் வளர்த்த டாபர்மேன், பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவரும்போது அவர் காலடியிலேயே விழுந்து செத்ததாம். அந்தப் பந்து இன்னும் வீட்டில் இருக்கிறதாம்.

"டாக்டரே, மாளு சூட்டுல இருக்கு. நாளைக்குள்ள சேர்க்கணும்," என்றார். பிறகு கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இவரு நல்ல ஆளுதானோ? வல்லாதெ பேசறாரு, நிறுத்தறதே இல்ல. எனிக்கொரு சம்சயம்."

எனக்குச் சந்தேகத்தைச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? ஏற்கெனவே இருந்த அடுப்பில் டீச்சர் இன்னொரு விறகு வைத்துவிட்டுக் காருக்குப் போனார்.

இசக்கிராஜ் உள்ளே வந்தான். வரும்போதே பேச்சு. "டாக்டரம்மா, துரைக்கு ஒரு குறையும் கெடையாது. நேத்துகூட தோப்பச் சுத்தி ஓடுனான். நீங்க சும்மா ஒரு பார்வை பாத்து எழுதிக் குடுத்தீயன்னா டீச்சரு கெளம்பிருவாவ. பாவம், மலை ஏறிப் போகணும்லா."

சும்மா ஒரு பார்வை பார்க்கச் சொல்கிறவரை நான் எப்போதும் இரண்டு பார்வை பார்ப்பேன். சிப்பைப் படித்தேன். சரியாக இருந்தது. அந்தச் சிப்பை வைத்தது நான்தான், துரை குட்டியாக இருக்கும்போது. வலது காதோரத்தில் கீரி கடித்த தழும்பு இருக்க வேண்டும், அதுவும் இருந்தது. ஆக, ஆள்மாறாட்டம் இல்லை. அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட எனக்கு.

துரைக்கு என் கிளினிக் பிடிக்காது. உள்ளே நுழைந்ததுமே வால் ஒடுங்கிவிட்டது. காதுகள் பின்னால் போயின. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தான். பாதம் பட்ட இடமெல்லாம் தரையில் ஈரம். முன்னங்கால் நடுக்கம் மேஜைவரை தெரிந்தது. நான் குனிந்து பின்தொடையின் உட்புறத்தில் நாடியைப் பிடித்தேன்.

பிடித்த விரலை எடுக்கவில்லை. நாடி நிதானமாக, மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து நிழலில் தூங்கும் நாயின் நாடி அது. பயத்தில் நடுங்கும் நாய்க்கு அது எங்கிருந்து வந்தது?

இந்த இடத்தில் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். கருவியைக் கையில் எடுத்தால் கண் திரைக்குப் போய்விடும், அதற்குப் பிறகு நாயை யாரும் பார்க்க மாட்டார்கள். உடம்பு முழுக்கப் பயம், இதயத்துக்கு மட்டும் பயமில்லை. மயக்க மருந்து கொடுத்திருந்தால் கண் செருகும், தலை தொங்கும். துரையின் கண்கள் ஊசி முனைபோல் விழிப்பாக இருந்தன. அப்படியானால் இதயத்தை மட்டும் அடக்குகிற ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கிறது. தடம் புரளும் துடிப்புகளை அது மறைத்துவிடும். ஒரு மணி நேரச் சோதனையில் நோயுள்ள நாயை நல்ல நாயாகக் காட்டிவிடும். இதைச் செய்ய விவரம் தெரிந்த ஆள் வேண்டும். இசக்கிராஜ் தானாகச் செய்தானா, வேறு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நான் சிப் வைத்த குட்டியின் இதயத்தோடு விளையாடியிருக்கிறான். வெளியே ஒரு மனுஷி செத்த நாயின் பந்தை வீட்டில் வைத்துக்கொண்டு நம்பிக் காத்திருக்கிறாள். "என்னலே குடுத்தே?" என்று கத்தியிருப்பேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அடக்கிக்கொண்டேன். நல்ல குணத்தால் அடக்கவில்லை. கத்தினால் கள்ளன் வாயை மூடிக்கொள்வான், என்ன மருந்து என்று தெரியாமல் போய்விடும் என்ற கணக்குத்தான். துரையின் காதை வருடிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"காலையிலேருந்து துரை என்னென்ன சாப்பிட்டான், இசக்கி?"

"அதிகமா ஒண்ணும் குடுக்கல டாக்டரம்மா. ரெண்டு இட்லி, கொஞ்சம் மோரு. அப்புறம் அந்த மாத்திரதான்."

"எந்த மாத்திரை?"

"ஸ்கேனுக்கு முன்னால போடுவாவல்லா, அந்த மாத்திர."

அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. நல்ல பிள்ளை என்று நான் முதுகில் தட்டுவேன் என எதிர்பார்த்ததுபோல் நின்றான். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. இது நடிப்பாகவும் இருக்கலாம்.

"உனக்கு யாரு சொன்னா, ஸ்கேனுக்கு முன்னால மாத்திரை போடணும்னு?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன். எங்க அப்பாவுக்கு இதயம் பெருத்துப்போயிருக்குல்லா, திருநெல்வேலில வச்சு பெரிய ஸ்கேன் எடுத்தோம். அங்கன நர்சம்மா வந்து மொதல்ல நாடியப் பாத்தாவ. நெஞ்சு இந்த வேகத்துல அடிச்சா படம் கலங்கிரும், ஒரு மாத்திர போட்டு அடக்கிட்டு எடுப்போம்னு சொன்னாவ. போட்டப்புறம் படம் கண்ணாடி மாதிரி விழுந்துச்சு. துரை ஒங்ககிட்ட வந்தா நடுங்குவான்லா? அதான் அப்பா மாத்திரையில ஒண்ண இட்லிக்குள்ள வச்சுக் குடுத்தேன். படம் நல்லா விழட்டும்னு."

அந்த நர்ஸ் சொன்னது உண்மைதான். என் வீட்டுக்காரருக்கும் அதே ஸ்கேன் எடுத்தபோது அதே மாத்திரையைக் கொடுத்தார்கள். கள்ளத்தனமாக யோசிக்கிறவன் இந்தக் கதையைக் கட்டியிருக்க முடியாது. தகப்பனோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகனுக்குத்தான் இது தெரியும். நான் பார்த்துப் பார்த்து வளர்த்த சந்தேகமெல்லாம் ஒரு இட்லிக்குள் இருந்தது.

வெட்கப்பட நேரம் கிடைக்கவில்லை. மேஜையில் நின்ற துரை பின்னங்கால் மடங்கி உட்கார்ந்தான். ஈறு வெளிறியிருந்தது. மனிதருக்கான அளவு அவன் உடம்புக்குக் கூடுதல். இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால், இந்த மாத்திரையே அவனைக் கீழே தள்ளிவிடும். பக்கவாட்டில் படுக்கவைத்து, ஈசிஜி கவ்விகளை மாட்டிவிட்டு, ஊசி மருந்துகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டேன். இசக்கிராஜை அவன் தலைமாட்டில் உட்காரச் சொன்னேன். அவன் பேச்சு அப்போதுதான் நின்றது.

படுத்த நிலையிலேயே ஸ்கேன் வைத்துப் பார்த்தேன். இதயம் சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கவில்லை. நோயாலா, மாத்திரையாலா? அந்த நேரத்தில் அதைப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. யாராலும் முடியாது.

சாயங்காலம் ஆக ஆக ஈறு சிவந்தது. துரை தலையைத் தூக்கி இசக்கிராஜின் கையை நக்கினான். உயிர் வந்தவுடன் இசக்கிராஜுக்குப் பேச்சும் வந்துவிட்டது.

"டாக்டரம்மா, பம்பு கொஞ்சம் கம்மியா இருக்குன்னு சொன்னீய. அது மாத்திரையாலதான? அப்ப மாத்திர இல்லேன்னா நல்ல இதயம்தான? அப்படியே எழுதிருங்களேன். டீச்சரு காலையிலேருந்து கார்லயே இருக்காவ. இன்னிக்கு விட்டா மாளுக்கு இன்னும் ஆறு மாசம் ஆகும். அவுக வேற எடம் பாத்துப் போயிருவாவ. எம் பொழப்பு ஒங்க பேனாவுலதான் இருக்கு."

இதைக் கேட்டதும் தூங்கப்போன சந்தேகம் மறுபடி எழுந்து உட்கார்ந்தது. இப்படிக் கேட்பதற்காகவே மாத்திரை கொடுத்திருப்பானோ? நோய் தெரிந்தால் மாத்திரைமேல் பழி போட்டுக்கொள்ளலாம் அல்லவா? அவன் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கெஞ்சுகிற முகம் நல்லவனுக்கும் கள்ளனுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இவன் நல்லவனா என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டியதே இல்லை. நல்லவன் கொடுத்தாலும் கள்ளன் கொடுத்தாலும் அது அதே மாத்திரை. இன்றைக்கு இந்த இதயத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரியாததற்குக் கையெழுத்துக் கிடையாது.

"மாட்டேன், இசக்கி," என்றேன். "மருந்து உடம்பைவிட்டு முழுசாப் போக ஒரு வாரம் ஆகட்டும். மறுபடியும் பார்ப்போம்."

அவன் துரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டான். நானே வெளியே போய் டீச்சரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் மாளுவின் தலையைத் தடவிவிட்டு, "சாரமில்லா டாக்டரே. ஆறு மாசம்தானே? ஞான் அடுத்த தடவைக்கு வராம்," என்று சொல்லிக் காரை எடுத்தார். இசக்கிராஜை அவர் சந்தேகப்பட்டது தப்பு என்றும் அவரிடம் சொன்னேன். அதை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் துரையை வரச்சொன்னேன். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியைத் துரைமேல் மாட்டிய உடுப்புக்குள் வைத்துக் கட்டினேன். வீட்டுக்கு அனுப்பவில்லை. என்னதான் மனம் இளகினாலும் என் புத்தி அப்படி. கிளினிக்கிலேயே இருக்கட்டும் என்றேன். இசக்கிராஜ் முறைத்துக்கொள்வான் என்று பார்த்தால், பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து துரை பக்கத்திலேயே படுத்துவிட்டான்.

பதிவைப் படித்தபோது எனக்கே கஷ்டமாக இருந்தது. மருந்து இல்லாத இதயத்தில் தடம் புரண்ட துடிப்புகள் கொத்துக் கொத்தாக வந்திருந்தன. ஸ்கேனிலும் இடது அறை பெருத்திருந்தது. துரைக்கு நோய் இருந்தது. அன்றைக்குப் பாவம் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது மாளுவின் குட்டிகளுக்குப் போயிருக்கும்.

இசக்கிராஜை உட்கார வைத்துச் சொன்னேன். இனி துரையைச் சேர்க்கைக்கு விடக்கூடாது. தினமும் மருந்து. தோப்பில் துரைக்கு ஏற்கெனவே பிறந்த குட்டிகள் எங்கெங்கே போயிருக்கின்றனவோ அங்கெல்லாம் சொல்லி, அவற்றையும் சோதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். போனை எடுத்து என் முன்னாலேயே முதல் குட்டி வாங்கியவரைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, ஒரு கெட்ட சேதி" என்று ஆரம்பித்தான். ஏச்சு வாங்கினான், அது எனக்கே கேட்டது. அடுத்த ஆளையும் கூப்பிட்டான். இவனைத்தான் நான் கள்ளன் என்று நினைத்தேன்.

போன்களை முடித்துவிட்டுத் தரையில் துரை பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு துரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"டாக்டரம்மா, இவனுக்கு இது இவன் அப்பன்கிட்டேருந்துதான் வந்திருக்குன்னு சொல்லுதீய. எங்க அப்பாவுக்கும் இதயம் பெருத்துத்தான் போயிருக்கு. ரத்தக் கொழாயில அடைப்பு ஒண்ணும் இல்ல, தசைதான் கெட்டுப்போச்சுன்னு அந்தப் பெரிய ஸ்கேன்ல சொன்னாவ. சித்தப்பா வயக்காட்டுல நின்னுக்கிட்டே விழுந்து செத்தாவ. அப்ப எனக்கு?"

முதல் நாளே சொன்னான், அப்பாவுக்கு இதயம் பெருத்திருக்கிறது என்று. நான் மாத்திரையைப் பிடித்துக்கொண்டேன், அந்த வார்த்தையை விட்டுவிட்டேன். வம்சாவளியை மூன்று தலைமுறைக்குத் துருவித் துருவிக் கேட்கிற நான், நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கும் ஒரு வம்சாவளி உண்டு என்று நினைக்கவே இல்லை.

"நான் மாட்டு டாக்டர். எனக்கு அது தெரியாது," என்றேன். "தெரிஞ்சவங்ககிட்ட உடனே போ."

போனானா? போகவில்லை. கூப்பிட்டுக் கேட்டால், "எனக்கென்ன டாக்டரம்மா, நல்லாத்தான் திங்குதேன், நல்லாத்தான் தென்னை ஏறுதேன்," என்றான். வளர்ப்பாளர்கள் நாயைப் பற்றி என்னிடம் சொல்லும் அதே பேச்சு. இன்னொரு தடவை கேட்டதற்கு, "பாத்துட்டேன், நல்லாருக்குன்னுட்டாவ" என்றான். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, இவன் நாய் விஷயத்தில் பொய் சொல்லமாட்டான், தன் விஷயத்தில் சொல்வான்.

சில மாதங்களில், சோதித்த பெற்றோருக்குப் பிறந்த ஒரு குட்டியைப் புதிதாக வாங்கிக்கொண்டு, நெஞ்சைப் பார்க்கச் சொல்லி வந்தான். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டேன்.

"உன் ரிப்போர்ட் வராமல் உன் நாய் நெஞ்சில் இதை வைக்கமாட்டேன்."

"என்ன டாக்டரம்மா, சின்னப் புள்ளயப் போட்டு..."

"சின்னப் பிள்ளைக்காகத்தான் சொல்லுதேன். உனக்கும் ஒரு மகள் இருக்கா."

முகம் சுருங்கிப்போய்க் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இனி வரமாட்டான் என்றுதான் நினைத்தேன்.

வந்தான். சாரல் பெய்துகொண்டிருந்தது. சட்டைக்குள் பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொண்டுவந்த ரிப்போர்ட்டை எடுத்து என் கையில் கொடுத்தான். மனித இதயத்தின் அளவுகள் வேறு, அதில் எனக்கு அதிகாரம் கிடையாது. அதனால் கடைசியில் இருந்த டாக்டரின் முடிவைப் படித்தேன். இப்போதைக்குக் குறை ஒன்றும் இல்லை, ஆண்டுதோறும் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நாய்களுக்கு நாம் எழுதுகிற அதே வரி. பெயர், வயது, கையெழுத்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை பார்த்தேன். நல்ல ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்கு வருகிற அந்தப் பழைய அரிப்பு வந்துவிட்டது.

"இசக்கி, உண்மையைச் சொல்லு. படம் நல்லா விழட்டும்னு அப்பா மாத்திரையைப் போட்டுட்டுப் போனியா?"

சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இல்ல டாக்டரம்மா. நடுங்கிட்டேதான் படுத்திருந்தேன். நெஞ்சு அடிச்ச அடி வெளியவரைக்கும் கேட்டிருக்கும்."

அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் சோதிக்காமல் நம்பினேன். மேஜைமேல் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, குட்டியைக் கொண்டுவரச் சொன்னேன்.